டிமென்ஷியா இருக்கட்டும், முதலில் கார் சாவியைக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. தினமும் திருச்சியிலிருந்து கரூருக்குக் கார் ஓட்டிப் போய் வருகிறேன். ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்று என் ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிறது. அது குறைந்தால் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் என்று படித்தேன். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் மறதி இருந்தது. தூக்கம் வர மெலடோனின் மிட்டாய் சாப்பிட்டேன், இதயத்துக்கு ஆகாது என்று வீடியோ பார்த்ததும் விட்டுவிட்டேன். இப்போது சில நாள் அம்மாவின் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையில் பாதி. கண் அயரும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிறது. பிபிக்கு இரண்டு மாத்திரை எடுத்தும் குறையவில்லை. குறட்டை நடுவில் நின்றுபோய், அப்புறம் திணறி மூச்சு விடுகிறேன் என்கிறார் மனைவி. போன வாரம் சிக்னலில் கண் அசந்துவிட்டேன். எனக்கும் மறதி நோய் வருமா?

பதில்: வாட்சுக்கு முதலிடம் கொடுத்து, மனைவி சொன்னதைக் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசிச் சில வரிகள் போதும். நிற்கும் குறட்டை, அடங்காத பிபி, சிக்னலில் தூக்கம்: மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அது ஸ்லீப் ஆப்னியாதான்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. பத்து நொடி, சிலருக்கு அரை நிமிடத்துக்கும் மேல் காற்றே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, நீங்கள் மறுபடி தூங்கிவிடுகிறீர்கள். காலையில் எதுவும் நினைவிருக்காது. மூச்சு நிற்பதோ பெருமளவு குறைவதோ மணிக்கு 5 முறைக்கு மேல் போனாலே நோய். 30ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் பிபி எகிறுகிறது. உங்கள் இரண்டு மாத்திரைகள் தோற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அல்பிரசோலத்தை இன்றே தூக்கிப்போடுங்கள். ஏற்கெனவே தளரும் தொண்டையை அது இன்னும் தளர்த்தும், திணறி எழ வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். சில நாள் பாதி மாத்திரைதான் என்றால் உடனே நிறுத்தலாம். வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள். அம்மாவுக்கு எழுதிய சீட்டு உங்களுக்கு எழுதியது அல்ல என்பதை நான் விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

மறதிக்கு வருவோம், உங்கள் உண்மையான பயம் அதுதானே. நீங்கள் படித்தது பெரும்பாலும் 2021இல் வந்த பிரிட்டன் ஆய்வாக இருக்கும். ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 50 வயதிலிருந்து 70 வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா சுமார் 30 சதவீதம் அதிகம். அது மொத்தத் தூக்க நேரத்தைப் பற்றியது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அது நிரூபிக்கவும் இல்லை. உங்கள் வாட்சோ மூளை அலையைப் பார்ப்பதே இல்லை. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அந்த 40 நிமிடத்தை மறந்துவிடுங்கள். ஆப்னியா இருந்தால் பகலில் மறதியும் கவனச்சிதறலும் வரும். சிகிச்சை எடுத்தால் பலருக்கு அது தெளிகிறது. அப்பாவின் மறதியை இதோடு முடிச்சுப்போடாதீர்கள்.

உடம்பு தூக்கிப்போடுவது பாதிப் பேருக்கு மேல் வருவதுதான், விடுங்கள். மெலடோனின் வீடியோவுக்கு அடிப்படை, 2025 நவம்பரில் அமெரிக்க இதய மாநாட்டில் வைத்த ஒரு முதற்கட்ட ஆய்வு. மெலடோனின்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அந்த மிட்டாய் பயன்படவும் செய்யாது.

அடுத்து நீங்கள் தேடப்போவது டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசியை. 2024இல் வந்த ஆய்வில், உடல்பருமனும் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு 52 வாரம் போட்டதில், மணிக்கு 50 தடவை போல இருந்த மூச்சுத் தடை 25 முதல் 29 தடவை வரை குறைந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அது பருமன் உள்ளவர்களுக்கு. நீங்கள் எடையையே எழுதவில்லை. தவிர, எடை இறங்க மாதங்கள் ஆகும். முகத்தில் மாட்டிக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி அன்றிரவே மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். 1981இல் சிட்னி மருத்துவர்கள் வெளியிட்ட பழைய யோசனை, இன்றும் அதுதான் முதல் சிகிச்சை.

இந்த வாரமே ஒரு நெஞ்சக மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, தூக்கத்தில் மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனையைக் கேளுங்கள். வீட்டிலேயே ஒரு இரவு மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியும் உண்டு. மனைவியையும் கூட்டிப்போங்கள், உங்கள் குறட்டையை அவர் ஃபோனில் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது. பிபி மாத்திரைகளை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் போகும்வரை கரூருக்குப் பஸ்ஸில் போங்கள். அந்த வழியில் பஸ்ஸுக்கா பஞ்சம்?