கன்ட்ரோலர் இல்லாத மாரியோ: கேம் படமாவது பற்றிக் கேள்வி பதில்

அனிமேஷன் படங்களுக்கு ஸ்டோரிபோர்ட், அதாவது காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைவது என் தொழில். 14 வருடமாகிறது. அதில் இரண்டு வேலைகள் கேமைப் படமாக்குவது. ஒன்று வெளியே வந்தது, இன்னொன்று பாதியில் நின்றுவிட்டது. எல்லோருக்கும் பிடித்த ஒரு கேமைக் குடும்பத்தோடு பார்க்கிற அனிமேஷன் படமாக மாற்றுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கேம்ல ஏற்கெனவே கதை இருக்கு, கேரக்டர் இருக்கு, உலகம் இருக்கு. அப்படியே எடுத்தா போதாதா? ஏன் இவ்வளவு பேர் சொதப்பறாங்க?

கேமின் பாதிதான் திரையில் இருக்கிறது. மீதி உங்கள் கட்டைவிரலில். படம் எடுக்கும்போது திரையில் இருக்கிற பாதி மட்டும்தான் கைக்கு வரும்.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் முதல் லெவலை நினைத்துப் பாருங்கள். மாரியோ இடது பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. போக வேண்டிய திசை அதுதான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எதிரே கூம்பா என்ற எதிரி நடந்து வருகிறது. முதல் தடவை மோதிச் சாகிறீர்கள், அடுத்த தடவை குதிக்கிறீர்கள். மேலே மின்னுகிற கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் வெளியே வருகிறது. அது வலப்பக்கம் நகர்ந்து, கீழே விழுந்து, பச்சைக் குழாயில் முட்டி, உங்களை நோக்கியே திரும்பி வருகிறது. விலக நினைத்தாலும் பெரும்பாலும் வந்து ஒட்டிக்கொள்ளும். மாரியோ பெரிதாகிறார். ஒரு வரி விளக்கம் கூட இல்லாமல், மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவின் குழு மொத்த ஆட்டத்தையும் அந்த ஓரிரு திரை அகலத்துக்குள் சொல்லிக்கொடுத்துவிட்டது.

சரி, இதில் மாரியோவின் குணம் என்ன? பயந்தது நீங்கள், துணிந்தது நீங்கள், செத்து மறுபடி வந்ததும் நீங்கள். மாரியோ நீங்கள் போட்டுக்கொண்ட வேஷம். அந்த மீசைகூட, அவர் முதலில் தோன்றிய 1981 டாங்கி காங் கேம் காலத்தில் அத்தனை குறைந்த புள்ளிகளுக்குள் வாய் வரைய முடியாததால் வந்தது. தலைமுடி அசைவதைக் காட்ட வழியில்லாததால் தொப்பி வந்தது. படத்தில் அந்த வேஷத்துக்குள் நீங்கள் இல்லை. நீங்கள் எழுந்து போன இடத்தில் வேறொரு மனசை உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் உலகத்தை மட்டும் அச்சு அசலாகக் கட்டினால், ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரிதான்.

விரல்ல இருக்கிற பாதின்னு சொல்றீங்க. அதை எப்படி வரையறது? நான் அனிமேஷன் படிக்கிறேன், ஒரு உதாரணம் சொல்லுங்க.

குதிப்பதையே எடுத்துக்கொள்வோம். கேமில் பட்டனை அழுத்திய மறுகணம் ஆள் காற்றில் இருக்க வேண்டும். அனிமேட்டர் ஆசைப்பட்டு, குதிக்கும் முன் முழங்காலை நன்றாக மடக்கி ஒரு அசைவு வைத்தால் ஆடுபவர் எரிச்சலாவார். 'பட்டன் லேட்டாக வேலை செய்கிறது' என்பார். நமக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததோ அதற்கு நேர் எதிர். குதிக்கும் முன் உடம்பு கீழே அமுங்க வேண்டும், மூச்சை இழுக்க வேண்டும், கை பின்னால் போக வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அதற்கு 6 ஃப்ரேம் கொடுத்தால் கால் நொடி. அந்தக் கால் நொடி இல்லாவிட்டால் ஆளுக்கு எடையே இருக்காது, அட்டை பொம்மையைத் தூக்கிப் போட்டது போல இருக்கும்.

கேமில் அந்தக் கால் நொடி ஆடுபவருக்குள் நடக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்று 'இப்பவா, இன்னும் ஒரு அடி தள்ளியா' என்று அவர் யோசிக்கிறாரே, அதுதான். படத்தில் அந்தத் தயக்கத்தை நாயகனின் உடம்புக்கு மாற்றிக் கொடுக்கிறோம். நான் வரையும்போது குதிக்கும் படத்தை விட, குதிக்கும் முன் கண் எங்கே பார்க்கிறது என்பதற்குத்தான் அதிகத் தாள் செலவழிப்பேன்.

நின்றுபோன அந்தப் படத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரைந்த படங்களைக் குரலோடு கோர்த்து, கொஞ்சம் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினோம். நான் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகி கூரை மேல் ஓடும் காட்சியில் ஒரு பையனின் இரண்டு கட்டைவிரலும் மடியில் அசைந்துகொண்டே இருந்தன. அடுத்த காட்சியில் நாயகி நின்று, தன் மனசில் இருப்பதை நீளமாகப் பேசினாள். விரல் நின்றது. படம் முடியும் வரை மறுபடி அசையவே இல்லை. அந்த வசனம் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அவள் ஓட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டியதை நிறுத்திப் பேச வைத்துவிட்டோம்.

ஒரிஜினலை மாற்றினால் ரசிகர்கள் கொதிக்கிறார்கள், மாற்றாவிட்டால் படம் நகரவில்லை என்கிறார்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது மேடம்?

முகத்தைத் தொடாதீர்கள், உறவை மாற்றலாம். என் அனுபவத்தில் இது பெரும்பாலும் சரியாக வருகிறது.

2019 ஏப்ரலில், சோனிக் என்ற நீல முள்ளெலி கேமை வைத்து எடுத்த படத்தின் டிரெய்லர் வந்தது. அது நடிகர்களும் அனிமேஷனும் கலந்த படம் என்றாலும் பாடம் பொதுவானது. சின்னக் கண், மனிதப் பல்வரிசை என்று சோனிக்கைப் பார்த்ததும் குழந்தையிலிருந்து பெரியவர் வரை முகம் சுளித்தார்கள். இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் மாற்றுவதாக ஒப்புக்கொண்டு, வெளியீட்டைத் தள்ளிவைத்து, உருவத்தை மறுபடி செய்து 2020 பிப்ரவரியில் கொண்டு வந்தார்கள். படம் ஓடியது. வருடக்கணக்காகக் கூட விளையாடிய தோழனின் முகம் அது. அதில் கை வைத்தால் யாருக்கும் மனசு ஒப்பாது.

உறவுக்கு வருவோம். 1985 கேமில் இளவரசி பீச் கடத்தப்படுவார், மாரியோ மீட்பார். 2023-ல் வந்த மாரியோ அனிமேஷன் படத்தில் கடத்தப்படுவது தம்பி லூயிஜி. பீச் படை திரட்டுகிறார், மாரியோவுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார். இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பெரும்பாலான ரசிகர்கள் கூச்சல் போடவில்லை. கேமிலேயே இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது இரண்டாவது ஆள் லூயிஜிதானே? எத்தனையோ வீடுகளில் தம்பியோ தங்கையோ பிடித்த இரண்டாவது கன்ட்ரோலர் அது. 'என் தம்பியைத் தேடிப் போகிறேன்' என்பது ஆடிய எல்லோருக்கும் உடனே உறைக்கும்.

எதிர்ப்பக்க உதாரணம் 1993-ல் பாப் ஹாஸ்கின்ஸ் மாரியோவாக நடித்த படம். அதில் மாரியோ கேமின் உலகமான காளான் ராஜ்ஜியம் டைனோசர் வழி வந்தவர்கள் வாழும் இருட்டு நகரமாகிவிட்டது. உழைப்பு தெரிகிற படம்தான். ஆனால் குழந்தைகள் தேடிப் போன இடம் அதில் இல்லை.

கதையே இல்லாத கேம்னா? ஆங்ரி பேர்ட்ஸ்ல உண்டிவில்லுல பறவையை வச்சு அடிக்கிறதைத் தவிர என்ன இருக்கு?

பெயரில் ஒரு சொல் இருக்கிறதே, கோபம். 2009-ல் ரோவியோ வெளியிட்ட கேம் அது, பன்றிகள் முட்டையைத் திருடின என்பதே மொத்தக் கதை. 2016 படம் கேட்ட கேள்வி எளிது: எல்லாப் பறவையும் சிரித்த முகமாக இருக்கும் தீவில் ஒருத்தன் மட்டும் கோபக்காரனாக இருந்தால்? அவன் பெயர் ரெட். அவனைக் கோபத்தை அடக்கும் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். கப்பலில் வரும் பன்றிகளை ஊரே கொண்டாட, அவன் ஒருத்தனுக்குத்தான் சந்தேகம்.

இதில் நான் மாணவர்களுக்கு அடிக்கடி காட்டுவது உண்டிவில் வருகிற விதம். அதைக் கொண்டு வருவதே பன்றிகள்தான், நட்புப் பரிசாக! கடைசியில் அதே பரிசை வைத்துத்தான் பறவைகள் அவர்கள் நகரத்தைத் தாக்குகின்றன. கேமின் முக்கியக் கருவி வில்லன் கையாலேயே கதைக்குள் நுழைகிறது. படத்தில் நகைச்சுவை பல இடத்தில் எனக்கு இரைச்சலாகத்தான் பட்டது, ஆனால் அந்த ஒரு முடிச்சை யாரோ உட்கார்ந்து பொறுமையாக யோசித்திருக்கிறார்கள்.

என் பெண்ணுக்கு 6 வயது, கேம் எதுவும் ஆடியதில்லை. இந்த மாதிரி படங்களில் ரசிகர்களுக்கு மட்டும் புரிகிற குறிப்புகள் நிறைய வருகிறதே, அவளுக்குப் புரியுமா?

நன்றாகச் செய்திருந்தால் அப்படி ஒரு குறிப்பு இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. 2023 மாரியோ படத்தில் ஒரு பீட்சா கடை. ஓரத்தில் ஒருவர் பழைய ஆர்கேட் மெஷினில் ஆடிக்கொண்டே உற்சாகமாக ஏதோ சொல்கிறார். உங்கள் மகளுக்கு அவர் ஒரு ஜாலியான மாமா, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்களுக்குச் சிலிர்க்கும். அந்தக் குரல் சார்லஸ் மார்டினே, கேம்களில் பல வருடம் மாரியோவாகப் பேசியவர். காட்சி யாருக்காகவும் நிற்கவில்லை.

நான் வைத்துக்கொள்ளும் சோதனை இது: தெரியாத ஒருவர் 'இப்ப ஏன் எல்லாரும் கைதட்டறாங்க' என்று பக்கத்தில் கேட்கும்படி இருந்தால் அந்தக் குறிப்பை வெட்டிவிடுவேன்.

மார்டினேவையே மாரியோவா பேச வச்சிருக்கலாமே? ஏன் சினிமா ஸ்டார்?

கேமில் பெரும்பாலும் ஒரு கூவல், ஒரு சிரிப்பு. 92 நிமிடம் அதே உச்சக் குரலில் வருத்தமும் தயக்கமும் காட்டுவது கடினம். ஆனால் ஸ்டார் பெயர் போஸ்டருக்கு உதவும் என்பதும் காரணம்தான். என்னைக் கேட்டால், மார்டினே மாதிரி ஒரு குரல் நடிகருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

கேம்ல செத்தா மறுபடி வரலாம். படத்துல அது முடியாதே. குழந்தைகள் படத்துல தோல்வியை எப்படிக் காட்டறது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கேம் ஆடுகிறவர் ஒரு மாலையில் சந்திக்கிற தோல்வியை எந்தச் சினிமா நாயகனும் சந்திப்பதில்லை. ஒரே பள்ளத்தில் 30 தடவை விழுந்தும் கன்ட்ரோலரைக் கீழே வைக்காத குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிடிவாதம் தவறிப்போனால் கேமின் உயிரே தவறிப்போனது போல.

மாரியோ படத்தில் பீச் தடைகள் வைத்த பயிற்சிக் களத்தில் மாரியோவை இறக்கிவிடும் காட்சியைக் கவனியுங்கள். இடிபடுகிறார், விழுகிறார், மறுபடி தொடக்கத்துக்கு வருகிறார். சாவு இல்லை, ஆனால் 'மறுபடி முதலிலிருந்து' இருக்கிறது. அவருக்குக் காளான் பிடிக்காது என்று முன்பே சொல்லிவிட்டதால், ஒவ்வொரு தடவை வாயில் போடும்போதும் ஒரு முகச்சுளிப்பு. பிறகு டாங்கி காங் என்ற கொரில்லாவோடு சண்டையிலும் அடி வாங்கி வாங்கி எழுகிறார். தைரியசாலி என்று யாரும் வசனம் பேசத் தேவையில்லை, எழுந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

அப்படின்னா அந்தப் படம் உங்களுக்கு முழுசா பிடிச்சதா? விமர்சகர்கள் கதை ரொம்ப மெலிசுன்னு சொன்னாங்களே.

அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அப்பா தன்னை மதிக்கவில்லை என்ற மாரியோவின் வருத்தம் தொடக்கத்தில் அழகாக வந்து, நடுவில் காணாமல் போய், கடைசியில் அவசரமாகத் தலைகாட்டுகிறது. அதற்கு இன்னும் 5 நிமிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலானதை வெறும் பழைய பாசம் என்று தள்ளிவிட முடியாது. புரூக்ளினில் அண்ணனும் தம்பியும் வேலைக்கு ஓடும் காட்சியில் கேமரா சட்டென்று பக்கவாட்டுக்கு வந்து, கட்டட வேலை நடக்கும் இடம் முழுவதும் ஒரு லெவலாக மாறுகிறதே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

கேம் கம்பெனி கூட இருந்தால் நல்லதா, தொல்லையா?

யார் வந்து உட்காருகிறார் என்பதைப் பொறுத்தது. கேமை உருவாக்கியவரே உட்கார்ந்தால் நல்லது. மாரியோ படத்தில் இல்யுமினேஷன் என்ற அனிமேஷன் நிறுவனத்தின் கிறிஸ் மெலடான்ட்ரியும் மியாமோட்டோவும் சேர்ந்து தயாரிப்பாளர்கள். 2018 ஜனவரியில் அறிவித்து 2023 ஏப்ரலில் வெளியிட்டார்கள், அத்தனை பொறுமை. விற்பனைப் பிரிவு மட்டும் வந்தால் பொம்மைப் பட்டியலைத்தான் கையில் கொடுப்பார்கள்.

கேம்ல இருக்கிற 3டி மாடலையே எடுத்துப் படம் பண்ணலாமா? செலவு மிச்சமாகுமே.

முடியாது. கேம் நாயகனை நாம் பார்ப்பது பெரும்பாலும் தூரத்திலிருந்து, அல்லது முதுகுப்பக்கம். படத்தில் முகம் திரை முழுக்க நிற்கும். இமை, உதட்டோரம், துணியின் நூல் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

அதற்காக நிஜ மனிதர் மாதிரியே செய்யவும் போகாதீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி என்ற கேமின் பெயரில் 2001-ல் வந்த படத்தில் நாயகியின் தலைமுடியை இழை இழையாக அசைத்தார்கள், அந்தக் காலத்துக்கு மலைப்பான வேலை. கேமை நேசித்தவர்கள் அதில் தங்கள் கேமைக் காணவில்லை. கம்பெனிக்குப் பெரிய நஷ்டம்.

அக்கா, எனக்கு 12 வயசு. எனக்குப் பிடிச்ச கேமை படமா வரையணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கட்டும்?

ரொம்ப சந்தோஷம் கண்ணு. முழுக் கேமையும் எடுக்காதே. நீ அதிகத் தடவை தோற்ற ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள். ஒரு தாளில் 6 கட்டம் போடு. முதல் கட்டத்தில் அந்த இடத்தைத் தூரத்திலிருந்து வரை. இரண்டாவதில் உன் நாயகன் அதைப் பார்க்கும் முகம் மட்டும். மூன்றாவதிலும் நான்காவதிலும் அவன் தோற்கட்டும், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி தோற்கட்டும். ஐந்தாவதில் மறுபடி முகம். இரண்டாவது கட்டத்து முகத்துக்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறது என்று நன்றாக யோசித்து வரை, அவசரப்படாதே. ஆறாவதைக் காலியாக விட்டு, அந்தக் கேமை ஆடாத ஒருவரிடம் காட்டி 'அடுத்து என்ன ஆகும்' என்று கேள். அவர் சொல்வது நீ நினைத்ததை விட நன்றாக இருந்தால், தயங்காமல் அதையே வரை.