கீமோ பிள்ளைக்கு ராத்திரி 100.6 காய்ச்சல்: காலை வரை பார்க்கலாமா?

வேண்டாம் அண்ணாச்சி, இப்பவே கிளம்புங்க. புற்றுநோய்க்கான கீமோ மருந்து முடிஞ்சு 9-ஆம் நாள், பிள்ளைக்கு அக்குளில் 100.6 என்கிறீங்க. கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்குவது பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள்தான். 100.4 தொட்டாலே பல வார்டுகளில் அவசரக் கேஸ். அக்குள் அளவு உள்சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது.

"நல்லா விளையாடுதா, சளிகூட இல்லை" என்பதை நம்பாதீங்க. சீழ் கட்ட நியூட்ரோபில் என்கிற வெள்ளணு வகை வேணும். அது குறைஞ்சா ரத்தத்தில் கிருமி இருந்தாலும் காய்ச்சல் மட்டுமே அடையாளமா இருக்கலாம். நீங்க போட்ட ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 1,100, நியூட்ரோபில் 22%. பெருக்கினா 242. 500-க்குக் கீழே போனாலே ஆபத்து.

பாரசிட்டமால் சூட்டை மறைக்கும், கிருமியைத் தொடாது. டாக்டர் சொன்னா மட்டும் கொடுங்க. ஐபுப்ரோஃபென் கூடாது, ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைஞ்சிருந்தா ரத்தக்கசிவு வரும்.

வார்டுக்குப் போன் போட்டுக்கிட்டே வண்டி ஏறுங்க. திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை வர நேரமாகும்னா, ஆன்டிபயாடிக் முதல் டோஸை அம்பையிலேயே (அம்பாசமுத்திரம்) போடலாமா என்று கேளுங்க. ஆஸ்பத்திரியில் ஓ.பி. வரிசையில் நிற்காதீங்க. "கீமோ பிள்ளை, காய்ச்சல், நியூட்ரோபில் 242" என்று வாசலிலேயே சொல்லுங்க. போய்ச் சேர்ந்த 60 நிமிடத்துக்குள் நரம்பு வழியா ஆன்டிபயாடிக் ஏறணும். அதுக்கு முன்னாடி ரத்தத்தில் கிருமி இருக்கான்னு பார்க்கக் கல்ச்சர் எடுப்பாங்க, மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வச்ச போர்ட் இருந்தா அதிலிருந்தும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கை கால் சில்லிட்டாலோ, பிள்ளை அசந்து கிடந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்க. கீமோ ஃபைலை மறக்காதீங்க.