மீன்பிடித் தடைக்காலத்தில் படகை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கலாமா?

அண்ணே, கோயம்புத்தூர் கல்லூரியில் மகளுக்கு ஏஜென்ட் மூலம் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் சீட், வருடம் ஒன்றரை லட்சம், முன்பணத்துக்குப் படகை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏஜென்ட் கையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நான்கு வருடத்துக்கான ஆறு லட்சத்தையும் 10% வட்டியில் கல்விக் கடனாக எடுத்தால்கூட, படிப்பும் அதன்பின் ஒரு வருடமும் முடியும்போது தனிவட்டியே 2.1 லட்சம் சேரும். பத்து வருடம் மாதம் சுமார் 10,700 கட்ட வேண்டும். முதல் சம்பளம் 18,000 என்றால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?

அரசு இதே படிப்புக்குப் பணம் போடுகிறது, ஆனால் கலந்தாய்வு வழியாக மட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5% ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் இது உண்டு. நம் கடற்கரையில் பலர் தவறுவது இங்கேதான்: சர்ச் நடத்தும் உதவிபெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துவிடுகிறார்கள். அது இதில் சேராது. தலைமையாசிரியரிடம் ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று இன்றே சரிபாருங்கள்.

மகள் இந்த 7.5% ஒதுக்கீட்டில் வராவிட்டால், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. மிச்சத்துக்குக் கல்விக் கடன் போதும். நான்கு லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. படகு கரையிலேயே இருக்கட்டும், ஜூன் 15 கடலுக்குப் போக அது வேண்டும்.