வெறும் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும்

கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேல்ஸ் ஓக் காட்டில் கருப்புவெள்ளை ஈப்பிடிப்பான்களின் கூடுகளைக் கணக்கெடுப்பது பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். படிப்புக்காக இந்தப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது. உங்கள் கடைசிக் குறிப்பைப் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. வருடா வருடம் மரங்களில் மாட்டிய அதே கூடுப்பெட்டிகளைத் திறக்கிறீர்கள், வருடா வருடம் குறைந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து நாடி மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போல இல்லையா இது? எண்ணுவதால் பறவைக்கு என்ன பயன்? அதோடு, அடைகாக்கும் பறவையை வாராவாரம் தொந்தரவு செய்வதும் கெடுதல்தானே? இவ்வளவு கேட்டுவிட்டு இதையும் கேட்கிறேன்: உயிரியல் படிக்காத நான் இந்த வேலையில் சேர முடியுமா?

அன்புடன்,
ச.

பதில்

அன்புள்ள ச.,

எண்ணுவதால் ஒரு பறவைகூட அதிகமாகாது. அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். ஆனால் நாங்கள் எண்ணுவது பறவைகளை மட்டுமல்ல.

இந்த ஈப்பிடிப்பானின் எடை சுமார் 13 கிராம். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சகாராவைத் தாண்டி, ஏப்ரல் நடுவில் இங்கே வந்து சேர்கிறது. முதலில் ஆண், சில நாள் கழித்துப் பெண். ஜூனில் குஞ்சுகள் பறந்ததும் குடும்பமே மர உச்சிக்குப் போய்விடும், அப்புறம் கண்ணில் படுவதே அரிது. வருடத்தில் பெரும்பகுதி அது எங்கள் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பறவை குறைகிறது என்றால், எங்கே குறைகிறது? பாலைவனத்தைத் தாண்டும்போதா? முட்டையிலா? பொரித்த பிறகு பட்டினியிலா? பறந்துபோன குஞ்சு அடுத்த வருடம் திரும்பாததாலா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. மொத்தமாக ‘குறைகிறது’ என்று சொல்வதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. பருவம் முழுக்க வாரம் ஒரு முறை போவது, அந்த ஒரு சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

எப்படிப் பிரிக்கிறோம் என்று சொல்கிறேன். பெட்டியின் மூடியைத் தூக்கினால், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்தே யார் வீடு என்று தெரிந்துவிடும். பச்சைப் பாசியை அடைத்து, மேலே மயிரும் இறகும் விரித்திருந்தால் பட்டாணிக்குருவி. முட்டையிடும் நாட்களில் அது முட்டைகளை மூடிவைத்துவிட்டுப் போகும். போன வருடத்துக் காய்ந்த ஓக் இலைகளும், ஹனிசக்கிள் கொடியிலிருந்து உரித்த பட்டை நார்களுமாக இருந்தால் ஈப்பிடிப்பான். நடுவில் ஒரு சின்னக் குழி, அதில் வெளிர்நீல முட்டைகள், ஒரு புள்ளிகூட இல்லாமல். நாளுக்கு ஒரு முட்டை. அதனால் இன்று நான்கு இருந்தால், முதல் முட்டை மூன்று நாள் முன்பு இட்டது. ஆறு ஏழு முட்டை ஆனதும் பெண் அடை உட்காரும், இரண்டு வாரத்தில் பொரியும். குஞ்சு வெளியேற இன்னொரு இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். இத்தனை முட்டை, இத்தனை பொரிந்தன, இத்தனை பறந்தன. ஒவ்வொரு படியிலும் கழிந்தது எவ்வளவு என்பதைத்தான் நோட்டில் எழுதுகிறோம்.

அந்த முதல் முட்டைத் தேதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் இதே பறவையின் பெட்டிகளைப் பல பத்தாண்டுகளாகத் திறந்து பார்த்துத் தேதி எழுதிவந்தார்கள். கிறிஸ்டியான் போத், மார்செல் விஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தத் தேதிகளை வரிசைப்படுத்தி 2001இல் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். வசந்தம் முன்கூட்டியே சூடாகிறது, பறவையும் முன்பைவிடச் சீக்கிரம் முட்டையிடுகிறது, ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேரும் நாள் மட்டும் மாறவில்லை. வந்ததும் வராததுமாகக் கூடு கட்டியும் நேரம் போதவில்லை. ஓக் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள்தான் குஞ்சுகளின் முக்கிய உணவு. சூடு சீக்கிரம் வந்தால் புழுவும் சீக்கிரம் பெருகி, சீக்கிரம் முடிந்துபோகிறது. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு இங்கே இலை விட்டது எப்படித் தெரியும்? 2006இல் போத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் அடுத்த பகுதியைச் சொன்னார்கள். புழு மிகச் சீக்கிரம் முடிந்துவிடும் காடுகளில் ஈப்பிடிப்பான்கள் இருபது ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தன. புழு தாமதமாகப் பெருகும் காடுகளில் சரிவு மிகக் குறைவு. ‘எண்ணி என்ன பயன்’ என்று நினைத்து நடுவில் பத்து வருடம் யாரும் பெட்டியைத் திறக்காமல் விட்டிருந்தால் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் வனப்பகுதியில் நாக்ஸ்ஹெட் என்று ஒரு காடு இருக்கிறது. 1942இல் அங்கே பெட்டி மாட்டியது இந்தப் பறவையைக் காப்பாற்ற அல்ல, ஓக் இலையைத் தின்னும் புழுக்களைக் குறைக்கப் பறவைகளை வரவழைக்க. மாட்டியவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. ஆனாலும் அங்கே சேர்ந்த பதிவுகள் இன்று எங்களுக்குப் பயன்படுகின்றன.

சரி, தொந்தரவு பற்றி. நியாயமான கவலை அது, எனக்கும் உண்டு. முட்டையிடுவது விடியற்காலையில் என்பதால் அந்த நாட்களில் காலையில் போகமாட்டோம். மழையிலும் கடும் குளிரிலும் திறக்கமாட்டோம். பெட்டியை நெருங்குமுன் மரத்தை மெல்லத் தட்டுவோம், வெளியே போக நினைக்கும் பறவை போகட்டும் என்று. பெண் உட்கார்ந்தே இருந்தால் மூடியை அப்படியே இறக்கிவிட்டு, ‘அடையில் இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். குஞ்சுகளுக்கு இறகு நன்றாக முளைத்துவிட்டால் பிறகு திறக்கவே கூடாது. பயந்து முன்னதாகவே குதித்துவிடும். காலில் அடையாள வளையம் போடுவது பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் மட்டும்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம்.

என்னுடைய மூன்றாவது பருவம். மே நடுவில் மூன்று நாள் விடாத மழை. ஓடைக்கு அப்பால் செங்குத்தான சரிவில் ஆறு பெட்டிகள் உண்டு. முந்தைய இரண்டு வருடமும் அவற்றில் ஒன்றுமே இல்லை. நான் போன அன்று மழை விட்டிருந்தாலும் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. அங்கே என்ன இருக்கப்போகிறது என்று ஆறுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்தடுத்த வாரமும் அதே பூஜ்யம், இந்த முறை ஓடையைக் காரணம் சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் பெட்டிகளைச் சுத்தம் செய்யப் போனபோது, நான்காவது பெட்டியில் ஓக் இலைக் கூடு. குழி மிதிபட்டுத் தட்டையாகியிருந்தது. அடியில் கையை விட்டால் மாவு போல விரலில் ஒட்டியது, குஞ்சுகளுக்கு இறகு விரியும்போது உதிரும் உறைத் தூள். செத்த குஞ்சு ஒன்றுகூட இல்லை. அதாவது அங்கே ஒரு குடும்பம் வளர்ந்து, நல்லபடியாகப் பறந்தும் போயிருக்கிறது. என் நோட்டில் மட்டும் அது இல்லை.

அந்த ஆறு பூஜ்யங்களையும் அடித்துவிட்டு ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். ‘இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. குறைந்துவரும் பறவை விஷயத்தில் இந்த இரண்டையும் குழப்புவதைவிடப் பெரிய தவறு கிடையாது. அன்றிலிருந்து காலியாக இருக்கும் என்று தெரிந்த பெட்டியைத்தான் முதலில் திறக்கிறேன்.

வெறும் பெட்டி நாளுக்கு நாள் அதிகமாவதைப் பார்ப்பது கஷ்டமில்லையா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கோபத்தில் அது இருந்தது. கஷ்டம்தான். வெறும் பெட்டியைவிடக் கஷ்டமானதும் உண்டு. ஒரு முறை பட்டாணிக்குருவியின் பாசிக்கூட்டின் மேல் ஆண் ஈப்பிடிப்பான் ஒன்று செத்துக் கிடந்தது, மண்டையில் கொத்துப்பட்டு. தாமதமாக வந்து, இடம் தேடி, ஏற்கெனவே ஆள் இருக்கும் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது. பெரிய பட்டாணிக்குருவி இப்படிக் கொல்லும் என்பது நெதர்லாந்திலும் பதிவானதுதான். தெரிந்திருந்தாலும், கருப்பு வெள்ளை இறகுகள் கலையாமல் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்தபோது பென்சிலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சகாராவைத் தாண்டி வந்த உயிர். தேதி, பெட்டி எண், ஆண், வளையம் இல்லை என்று எழுதினேன்.

நீங்கள் வரலாம். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1939இலிருந்து நடக்கும் கூடுப் பதிவுத் திட்டத்துக்கு விவரம் அனுப்புகிறவர்களில் ஏராளமானோர் தன்னார்வலர்கள்தான். முதல் வருடம் தெரிந்தவர் ஒருவரோடு சேர்ந்தே போங்கள், தனியாக ஏணி ஏறாதீர்கள். குரலைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இலை விரிந்துவிட்டால் கண்ணைவிடக் காதுதான் உதவும். பாடுகிற ஆண்களை எண்ணி அத்தனை ஜோடி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், ஒரே ஆண் சற்றுத் தள்ளி இரண்டாவது பெட்டியையும் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண்ணுக்காகப் பாடுவது இந்த இனத்தில் வழக்கம்.

பெட்டிகளைச் சுத்தம் செய்து, பழுது பார்க்கும் வேலை குளிர்காலத்தில் இருக்கிறது. அதற்கே வந்துவிடுங்கள், காடு பழகிவிடும். பேனா வேண்டாம், மழையில் மை கரையும். பென்சில் இரண்டு கொண்டுவாருங்கள். ஓடைக்கு அப்பாலுள்ள ஆறு பெட்டிகளுக்கு முதலில் போவோம்.

அன்புடன்.