மூன்று சிமிழ், ஆயிரம் சந்தேகம்: கத்தோலிக்கக் கோயிலின் புனித எண்ணெய்கள் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூருவில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள், ஈஸ்டர் முடிந்த கையோடு கேட்ட கேள்விகள் இவை. நான் சாமியார் அல்ல. பல வருடம் மறைக்கல்வி எடுத்தவன், சக்ரீஸ்துவில், அதாவது பூசைக்கு ஆயத்தம் செய்யும் அறையில், பூசைப் பாத்திரம் துடைத்தவன். அந்த அளவுக்குத்தான் என் பதில்.

பேரனுக்குப் போன ஞாயிறு ஞானஸ்நானம். உச்சியில தைலம் பூசினாங்க. மருமக அன்னைக்கு ராத்திரியே தலைக்கு ஊத்திட்டா. பாவமா? (விவேக் நகர் பாட்டி)

ஒரு பாவமும் இல்லை அம்மா. கழுவினால் போவது எண்ணெய்தான், ஞானஸ்நானம் ஆன்மாவில் பதித்த முத்திரை போகாது. ஆனால் உங்கள் மனசு பதறியதற்குப் பழைய காரணம் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் அன்று முதல் ஒரு வாரம் தினசரிக் குளியலைத் தவிர்த்தார்கள் என்று பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். அது அந்தக் காலத்து வழக்கம், இன்றைய சட்டம் இல்லை. மருமகளைத் திட்டாதீர்கள்.

மூணுமே ஆலிவ் எண்ணெய்தானே, எதுக்கு மூணு சிமிழ்? (ஒயிட்ஃபீல்ட், ஐ.டி. வேலை)

அடிப்படை ஒன்றுதான் தம்பி. ஆயத்த எண்ணெய் ஞானஸ்நானத்தில் தண்ணீருக்கு முன்னால், குழந்தையின் நெஞ்சில் பூசுவது. தீமையை எதிர்க்கத் திடம் கேட்டு. நோயாளர் எண்ணெய்க்குப் பெயரே விளக்கம். மூன்றாவது கிறிஸ்மா தைலம். அதில் பால்சம் என்ற நறுமணப் பிசின் கலப்பார்கள். மற்ற இரண்டையும் ஆயர் (பிஷப்) மந்திரிக்கிறார், அதாவது ஆசீர்வதிக்கிறார், இதை அர்ச்சிக்கிறார். அப்போது பாத்திரத்தின் வாய்மேல் மூச்சை ஊதுவார். ஞானஸ்நானத்தில் உச்சி, உறுதிபூசுதலில் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) நெற்றி, குருப்பட்டத்தில் உள்ளங்கை, ஆயர் பட்டத்தில் தலை, புதுக் கோயிலில் பீடமும் சுவரும் எல்லாம் இதற்குத்தான். பங்குச் சாமியார் உறுதிபூசுதல் கொடுக்க நேர்ந்தாலும், தைலம் ஆயர் அர்ச்சித்ததாகத்தான் இருக்கவேண்டும்.

சிமிழ்மேல் எஸ்.சி. (கிறிஸ்மா), ஓ.எஸ். (ஆயத்த எண்ணெய்), ஓ.ஐ. (நோயாளர் எண்ணெய்) என்று லத்தீன் பெயர்களின் முதலெழுத்து இருக்கும். எங்கள் சிமிழில் எழுத்து தேய்ந்துபோய் நான் மோந்து பார்த்துத்தான் பிரித்தேன். உள்ளே எண்ணெய் தளும்பாது, நனைந்த பஞ்சுதான் இருக்கும். கிறிஸ்மா பஞ்சு மூடியைத் திறந்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆலிவ்தான் வேண்டும் என்ற கட்டாயம் 1970-க்குப் பிறகு இல்லை, வேறு தாவர எண்ணெயும் ஆகும். நெய் ஆகாது.

மாமனாருக்கு அடுத்த வாரம் பைபாஸ். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கணும்னு எனக்கு ஆசை. வீட்ல, "சாமியார் வந்தா அவர் பயந்துடுவார்"ங்கிறாங்க. (லிங்கராஜபுரம்)

இந்த வாரமே கூப்பிடுங்கள் அம்மா. முதலில் அந்தப் பெயரை விடுங்கள். இப்போது அது நோயில்பூசுதல். சாகக்கிடக்கிறவர்களுக்கு மட்டுமான அருள்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) இல்லை என்று 1963-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன் வாங்கலாம். நோய் முற்றினாலும், தேறியவர் மறுபடி படுத்தாலும் திரும்ப வாங்கலாம். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசுவார்கள்; அதைப் பார்த்த பெரியவர்களுக்குத்தான் இந்தப் பயம். 1972-லிருந்து நெற்றியும் இரண்டு கைகளும்தான். பைபிளில் யாக்கோபு 5:14-ஐ அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் அதில் இருக்கிறது. பூசுவதைக் குருவோ ஆயரோதான் செய்ய முடியும்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவோடு இருந்தார், காபி கேட்டார், ஸ்கோர் கேட்டார். "இப்ப வேணாம், பயந்துடுவாரு" என்று அம்மா சொன்னதற்கு நானும் தலையாட்டினேன், மறைக்கல்வி வாத்தியார் நான். பத்தாம் நாள் விடியற்காலை போன் போட்டேன். சாமியார் ஆட்டோவில் வந்து இறங்கும்போது அப்பா இல்லை. இறந்தவருக்குப் பூசுவதில்லை. கையிலிருந்த சிமிழைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இறந்தோருக்கான செபத்தைச் சொன்னார்.

எங்க ஜெபக்கூட்டத்துல அண்ணன் ஒருத்தர் எல்லார் நெத்தியிலயும் எண்ணெய் பூசுறார். வேளாங்கண்ணி எண்ணெய்தானாம். சரியா? (கம்மனஹள்ளி)

சரியில்லை. 1997-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் இதைத் தெளிவாகத் தடுக்கிறது: பொதுநிலையினர் (குருப்பட்டம் பெறாதவர்கள்) நோயாளர் எண்ணெயையோ வேறு எந்த எண்ணெயையோ யாருக்கும் பூசக்கூடாது. நல்ல மனசோடு செய்தாலும், வாங்கிக்கொள்கிறவர் இதையே அருள்சாதனம் என்று நினைத்துவிடுவார்.

திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெயை உங்கள் முட்டியில் நீங்களே தடவி மாதாவிடம் வேண்டிக்கொள்வது வேறு விஷயம். அது பக்தி. அதோடு பி.பி. மாத்திரையையும் போடுங்கள்.

எங்க கோயில்ல சாமிக்கு அபிஷேகம். நீங்க ஆளுக்கு அபிஷேகம்ங்கிறீங்க? (சிவாஜி நகர், இந்து நண்பர்)

நல்லாக் கேட்டீங்க அண்ணே. கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள், எபிரேயத்தில் மெசியா. சாமுவேல் கொம்பில் எண்ணெய் கொண்டுபோய் ஆடு மேய்த்த தாவீதை அரசராக்கினார். அந்த வழியில்தான் நாங்கள் ஆளுக்குப் பூசுகிறோம்.

போன வருஷத்து எண்ணெயை என்ன செய்வீங்க? (பீடச் சிறுவன் ஒருவன்)

புனித வாரத்தில் ஆயரிடமிருந்து புதியது வந்ததும் பழையதை எரித்துவிடுவோம். குப்பையில் போடக்கூடாது, சிங்க்கில் ஊற்றக்கூடாது. ஈஸ்டருக்கு முந்தின இரவு மூட்டும் பாஸ்காப் புதுத்தீயில் பஞ்சோடு போடுவது எங்கள் பங்கு வழக்கம். அடுத்த வருடம் என் பக்கத்தில் வந்து நில் தம்பி. புகையில் கிறிஸ்மா வாசனை ஒரு நிமிஷம்தான் வரும்.