அலமாரி மேல் குழந்தையைக் கிடத்தலாமா?

கேள்வி: தலைப்பிரசவத்துக்குத் திருநகரில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். சிசேரியன். பையனுக்கு இருபது நாள் ஆகிறது. துணி மாற்றுவதற்குக் கீழே பாயில் உட்கார்ந்து எழுந்தால் தையல் போட்ட இடம் சுண்டி இழுக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் கணவர், துணி மாற்றுவதற்கென்றே விற்கிற மேஜையை ஆன்லைனில் வாங்கிவிடலாம் என்கிறார். விலையைப் பார்த்தால் எனக்கு மனசு வரவில்லை. என் அறையில் தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. நாலு டிராயர், மேலே ஆடுகிற கண்ணாடி. உயரம் என் இடுப்புக்குச் சற்று மேலே வரும். அதன் மேல் மெத்தை போட்டு மாற்றலாமா என்று கேட்டதற்கு, "பச்சப்புள்ளையக் கொண்டுபோயி அலமாரி மேல வப்பாகளா?" என்று அம்மா சத்தம் போடுகிறார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூன்று மாதம் வரைக்கும்தான். அப்புறம் அம்மா சொல்கிற பாய்க்கே வந்துவிடுங்கள்.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அலமாரி தேவைப்படுவது உங்களுக்கு, குழந்தைக்கு இல்லை. கோமணத்துணி கட்டுகிற பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவையாவது மாற்ற வேண்டியிருக்கும். அதில் மூன்று நாலு தடவை நடுராத்திரியில். ஒவ்வொரு தடவையும் தரையில் உட்கார்ந்து, குனிந்து, கையை ஊன்றி எழுந்தால் ஆறாத தையல் என்ன பாடுபடும்? சிசேரியன் ஆன உடம்பு தேற ஆறு வாரமாவது வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்குச் சுமார் 45 சிசேரியன். நம் அம்மாக்கள் பிள்ளை பெற்ற காலத்தில் நிலைமை இப்படி இல்லை. "நாங்கள்லாம் கீழ உட்காந்துதான் மாத்துனோம்" என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் பெரும்பாலும் பார்த்தது சுகப்பிரசவம் ஆனவர்களை. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

சரி, மெத்தை வாங்க ஆளனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு டிராயரையும் திறந்து முகர்ந்து பாருங்கள். நீங்கள் கேட்காத விஷயம் இது, ஆனால் எனக்கு முதலில் தோன்றிய பயம் இதுதான்.

தாத்தா காலத்து அலமாரி என்கிறீர்கள். பட்டுச்சேலையும் போர்வையும் வைத்திருந்த டிராயரில் அந்துருண்டை போடாத வீடு நம் பக்கம் அபூர்வம். உருண்டை கரைந்து காணாமல் போயிருக்கும், வாடை மட்டும் மரத்தில் ஊறிக் கிடக்கும். அந்துருண்டை என்பது நாப்தலீன். ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறந்த குழந்தையின் உடம்பில் அது மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ சேர்ந்தால், ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். காமாலை மளமளவென்று ஏறும். மூளையைத் தாக்கும் அளவுக்கும் அது போகலாம். அந்துருண்டை போட்டு வைத்த துணியையும் கம்பளியையும் சுற்றியதாலேயே இப்படிப் பாதிக்கப்பட்ட பிறந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இந்தக் குறை இருக்கிறது என்று குழந்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம் வரும்.

அதனால் வாடை இருக்கிற டிராயரில் பையனின் துணி எதையும் வைக்காதீர்கள். டிராயர்களை உருவி மொட்டை மாடியில் போட்டு வெயில் காட்டச் சொல்லுங்கள். மதுரை வெயில் இதற்காவது உதவட்டும். அப்படியும் வாடை போகவில்லையென்றால் துணிக்கு வேறு இடம் பாருங்கள், ஒரு பிளாஸ்டிக் கூடை போதும். கோமணத்துணியும் தொட்டிலும் எந்தத் துணியில் செய்தது என்பதையும் அம்மாவிடம் கேளுங்கள். பாட்டியின் பழைய சுங்குடிச் சேலை என்றால் அதைவிட மெதுவான துணி கிடைக்காது. ஆனால் அதுவும் அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து வந்ததுதானா? அப்படியானால் இரண்டு மூன்று தடவை சோப்புப் போட்டு அலசி, நன்றாக வெயிலில் காயவைத்து, வாடை துளியும் இல்லை என்று பார்த்த பிறகே எடுங்கள். பூச்சி வராமலிருக்க காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும், கற்பூரம் வேண்டாம். இதற்குள்ளேயே அந்தத் துணிகளைப் பயன்படுத்தியிருந்து, பையன் கண்ணிலோ உடம்பிலோ மஞ்சள் தெரிந்தாலும், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டி, அந்துருண்டை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அலமாரிக்கு எப்போதாவது எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உரிந்து கொட்டினால் அந்த அலமாரி வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் சொல்லாதீர்கள், தூளாகப் பறந்தால் இன்னும் மோசம். வெறும் தேக்கு, பழைய பாலீஷ் என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அழகாக இருக்கட்டும் என்று புதுப் பாலீஷ் அடிக்க வேண்டாம், அந்த நெடி அடங்க நாளாகும்.

இனி அலமாரி சாய்வதைப் பற்றி. "தேக்கு, மலை மாதிரி கனம், அசையாது" என்று வீட்டில் சொல்வார்கள். கனமான அலமாரியும் சாயும். துணி நிறைந்த டிராயர்கள் ஒன்றுக்கு இரண்டாக வெளியே வந்து நின்றால் பாரம் முழுக்க முன்பக்கம் வந்துவிடும். 2016-ல் மேஜை, அலமாரி விற்கிற ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவிப்புக் கொடுத்தது. சுவரில் பிடிக்காமல் வைத்திருந்தவை குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர்கள் போனதுதான் காரணம்.

ஆகவே ஆசாரியைக் கூப்பிடுங்கள். அரை நாள் வேலைதான். பின்பக்கம், மேலே, இரண்டு ஓரத்திலும் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும். ஸ்குரூ ஏற வேண்டியது அலமாரியின் கட்டைச் சட்டத்தில். பின்னால் அடித்திருக்கும் மெல்லிய பலகையில் ஏற்றினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சுவர்ப்பக்கமும் அப்படித்தான், பழைய வீட்டில் பூச்சு தடிமனாக இருக்கும். பூச்சில் மட்டும் நிற்கிற ஸ்குரூவை நம்ப முடியாது. செங்கல் வரைக்கும் துளை போட்டு பிளக் இறக்கச் சொல்லுங்கள். தரையோரம் டைல்ஸ் பட்டி ஒட்டியிருந்தால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி விழும். அந்த இடத்தில் ஒரு கட்டைத்துண்டு வைத்து அடைத்த பிறகு முடுக்கினால்தான் ஆடாமல் நிற்கும். கையோடு அந்தக் கண்ணாடியையும் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள். பழைய ஸ்குரூவில் ஆடுகிற கண்ணாடிக்குக் கீழே குழந்தையைக் கிடத்தக்கூடாது.

மேல்பலகையை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். துணி மாற்றும் மெத்தை பொதுவாகப் பதினாறு அங்குல அகலம், முப்பத்திரண்டு அங்குல நீளம் இருக்கும். அலமாரியின் ஆழம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். சரியாக இருந்தால், மேல்பலகையைச் சுற்றி நாலு பக்கமும் மூன்று நாலு அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், மெத்தை அதற்குள் அசையாமல் உட்கார வேண்டும். மெத்தை போட்ட பிறகும் சட்டம் இரண்டு அங்குலமாவது மேலே தெரிய வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு சொல்கிற அளவு அது. மெத்தைக்குக் கெட்டியான ஃபோம்தான் நல்லது, இலவம்பஞ்சு அமுங்கிச் சரியும். ஓரங்கள் உயர்ந்தும் நடு சற்றுப் பள்ளமாகவும் வெட்டித் தைத்து ரெக்ஸின் உறை போடச் சொல்லுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ரெக்ஸின் முதுகில் ஒட்டும், அதனால் மேலே ஒரு பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் குழந்தையைக் காப்பாற்றப்போவது உங்கள் கைதான். ஒரு கை எப்போதும் பையன் வயிற்றின் மேல் இருக்கட்டும். இருபது நாள் பிள்ளை புரளாது என்று அசட்டையாக இருக்காதீர்கள். புரளாவிட்டாலும் குதிகாலால் உந்தி உந்தி மேலே நகரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பு ரெக்ஸினில் வழுக்கிக்கொண்டு போகும், அன்றைக்கு மட்டும் தரையிலேயே துடைத்து உடுத்திவிடுங்கள். குக்கர் விசிலடித்தாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கீழே பாயில் கிடத்திவிட்டுப் போங்கள்.

கோமணத்துணி, பஞ்சு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் மாற்றும் முன்பே உங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி, பையன் காலுக்கு எட்டாத மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஃப்ளாஸ்க்கும் ஊக்கும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பவுடர் தேவையில்லை, அந்தத் தூள் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று, அலமாரியிலிருந்து தூக்கும்போது கொஞ்சுகிற ஆசையில் தலைக்கு மேலே உயர்த்திவிடுவோம். மேலே ஃபேன் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு அந்த உயரம் ஒத்துவராமல் போகலாம். அவர் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் போட்டு மாற்றினால் மாற்றட்டும், தடுக்காதீர்கள். அது ரொம்பப் பத்திரமான முறை.

மூன்று மாதம் என்று கணக்குச் சொன்னதற்குக் காரணம், பிள்ளைகள் பெரும்பாலும் நாலாவது மாதத்திலிருந்து புரள ஆரம்பிப்பார்கள். சிலர் முந்திக்கொள்வார்கள். புரள முதல் முயற்சி தெரிந்த அன்றே அலமாரியை விட்டு இறங்கிவிடுங்கள், மூன்று மாதம் முடியாவிட்டாலும் சரி. உங்கள் தையலும் அதற்குள் ஆறியிருக்கும். பெங்களூர் கிளம்பும்போது அங்கே இதற்கென்று மேஜை எதுவும் வாங்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பாயும் ஒரு ரப்பர் ஷீட்டும் போதும். நீங்கள் கிளம்பிய பிறகு சட்டத்தையும் மெத்தையையும் அம்மா எடுத்துவிடட்டும், அந்த எல் கிளாம்பை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். ஒரு வயசுக்கு மேல் தாத்தா வீட்டுக்கு வரும்போது பையன் டிராயர்களை இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறத்தான் பார்ப்பான்.