24 மறுப்புகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூத ஜெப ஆலயம் ஒன்றில் மதகுருவான ரபி ஆற்றிய ஓய்வுநாள் உரையைக் காணொளியில் கேட்டேன். தெளிவாக இருந்தது. அந்த ஆர்வத்தில், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூதின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தேன். நாலு பக்கம் தாண்டவில்லை. ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், பல இடங்களில் முடிவே இல்லை. முடிவுகளை மட்டும் தரும் நூல் உண்டா? உரைகளைக் கேட்டாலே போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உரைகளைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ரபி வாராவாரம் பேசும் வழக்கம் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் கிழக்கு ஐரோப்பிய ஊர்களில் பஸ்காவுக்கும் பாவநிவாரண நாளுக்கும் முந்தைய ஓய்வுநாட்களில், ஆண்டுக்கு இரண்டே முறை பெரிய உரை நடக்கும். மற்ற நாட்களில் பிற்பகல் தொழுகைக்கும் இரவுத் தொழுகைக்கும் நடுவே, கடையடைத்து வந்தவர்களும் கூலிவேலை முடித்தவர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள்.

சுருக்கநூலும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் விவாதங்களை விலக்கி முடிவுகளைத் தொகுத்தார். அவர் காலத்திலேயே மறுப்பு எழுதினார்கள். அந்த மறுப்பையும் அவர் நூலின் பக்கத்திலேயே அச்சிட்டு இன்றும் படிக்கிறார்கள்.

முடிவு மட்டும் போதும் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நாலு பக்கத்தில் அலுத்துப்போக அந்த நூல் என்ன செய்தது? தனியாகப் படித்தீர்கள், அவ்வளவுதான். அது இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, வாதாட வேண்டிய நூல். அந்த இணையை ஹவ்ருதா என்பார்கள்.

தால்மூதின் பாவா மெட்ஸியா பகுதியில் ரபி யோஹனானின் கதை வருகிறது. கொள்ளையனாக இருந்த ரேஷ் லாக்கிஷை அவர்தான் படிக்க வைத்தார், தங்கையையும் மணமுடித்துக் கொடுத்தார். ஒருநாள் வாளும் கத்தியும் பற்றிய வாதத்தில், "கொள்ளையனுக்குத் தன் தொழில் தெரியும்" என்று யோஹனான் சொல்லிவிட்டார். மனக்கசப்பு முற்றியது. ரேஷ் லாக்கிஷ் நோயில் விழுந்து இறந்தார்.

யோஹனானைத் தேற்ற எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எது சொன்னாலும், "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்றார் அவர். யோஹனான் வெடித்தார்: நான் ஒன்று சொன்னால் லாக்கிஷின் மகன், அந்த ரேஷ் லாக்கிஷ், 24 மறுப்பு வைப்பான், நான் 24 பதில் சொல்வேன், சட்டம் விரியும். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா? உடையைக் கிழித்துக்கொண்டு, "எங்கே இருக்கிறாய், லாக்கிஷின் மகனே" என்று கதறி அலைந்து, புத்தி பேதலித்து இறந்தார்.

என் கட்டுரைகளை வரிக்கு வரி மறுத்துவந்த நண்பர் சென்ற ஆண்டு காலமானார். இப்போது எனக்கு வருவதெல்லாம் பாராட்டுக் கடிதங்கள். யோஹனானை நினைக்காத நாளில்லை. நல்லவேளை, நீங்கள் குறை சொல்லி எழுதினீர்கள்.

உங்களோடு முரண்படும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பாவா மெட்ஸியாவின் இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். கண்டெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விவாதம். தொலைத்தவர் இனிக் கிடைக்காது என்று கைவிட்ட பொருள் எடுத்தவருக்கு. தொலைந்ததையே அவர் அறியுமுன் எடுத்தால் அது செல்லாது என்கிறார் அபாயே என்ற அறிஞர். செல்லும் என்கிறார் ரவா என்ற இன்னொரு அறிஞர். அப்படியானால் சிதறிய காசு எடுத்தவருக்கு எப்படிச் சொந்தமாகும், விழுந்ததே உரியவருக்குத் தெரியாதே என்று அபாயேயை மடக்குகிறார்கள். மனிதன் பணப்பையை ஓயாமல் தடவிப் பார்ப்பவன், அதற்குள் தெரிந்திருக்கும் என்று பதில் வருகிறது. பொதுவாகத் தீர்ப்பு ரவாவின் பக்கம் போகும். அபாயே வெல்லும் ஆறு இடங்களில் இது ஒன்று. ஆனால் ரவாவின் வாதம் ஒரு வரி குறையாமல் அங்கேயே இருக்கிறது. நீங்கள் ரவாவின் பக்கம் நின்று வாதாடுங்கள்.